வெளிச்சம் ஒரு பருவம், தண்ணீர் ஒரு பருவம்

ஆடி மாதத்தில் புளியங்குடியில் நின்று மேற்கே பார்ப்பவருக்கு இரண்டு வானிலைகள் ஒரே நேரத்தில் தெரியும். எலுமிச்சை மண்டிப் பக்கம் மேல்காற்று புழுதியை வாரி அடிக்கும். நாலு தூறல் விழுந்தால் அதிசயம். தோப்புகளுக்குப் பின்னால் செங்குத்தாக எழும் மலையின் தலையிலோ மேகம் நாள் முழுக்க நகராமல் உட்கார்ந்திருக்கும். அங்கே கொட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இடைவெளி பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். கேரளத்துக்குப் பெய்யும் மழையின் ஓரம் முகட்டைத் தாண்டிக் கொஞ்சம் இந்தப் பக்கம் வழிகிறது. சரிவில் இறங்க இறங்கக் காற்று சூடேறி மேகம் கரைந்துவிடுகிறது. ஊருக்கு மிஞ்சுவது சாரல் வாசமும், பிறகு ஓடையில் வரும் தண்ணீரும்.

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சொக்கம்பட்டி, கடையநல்லூர் என்று சாலையோரம் வரிசையாக வரும் ஊர்களுக்கெல்லாம் இந்த மலைதான் மேற்கு எல்லை. பெரியாற்றின் ஊற்றுக்கண் சிவகிரி மலையில் என்றும் சொக்கம்பட்டி மலையில் என்றும் சொல்வார்கள். 2015-இல் இந்தப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதியைச் சேர்த்து நெல்லை வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். பரப்பு சுமார் 356 சதுர கிலோமீட்டர். யானை, புலி, கரடி பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இந்தக் கட்டுரை அவற்றின் காலுக்குக் கீழே கிடக்கும் செடிகளையும் தலைக்கு மேலே நிற்கும் மரங்களையும் பற்றியது.

அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு குளிர்நாட்டுக் காட்டுக்குப் போய்வர வேண்டும். பீச் என்ற மரம் ஐரோப்பா, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி, சீனா, ஜப்பான் ஆகிய இடங்களில் வளர்கிறது. இந்தியாவில் அது இயற்கையாகக் கிடையாது. அதன் குடும்பத்து ஓக் மரங்கள் இமயமலையில் உண்டு. தென்னிந்திய மலைகளில் அந்தக் குடும்பத்தின் ஒரு மரம்கூட இயற்கையாக வளர்வதில்லை. பீச்சும் மேப்பிளும் கலந்த ஈரமான காட்டில் கோடையில் நுழைந்தால் தரை இருண்டு கிடக்கும். ஆனால் அந்தக் காட்டின் தரைச்செடிகள் உலகப் புகழ் பெற்றவை. காரணம், ஏப்ரல், மே மாதங்களில் அங்கே நடக்கும் ஒரு விசேஷம். பனி உருகி மண் முழுக்க ஈரம். மரங்களோ இன்னும் மொட்டையாக நிற்கின்றன. சில வாரங்களுக்கு வெயில் நேராகத் தரையில் விழுகிறது. அந்த இடைவெளிக்குள் டிரில்லியம் போன்ற சிறு செடிகள் கிழங்கிலிருந்து எழுந்து பூத்துவிடுகின்றன. அவற்றில் பல, விதையில் கொழுப்புத் துணுக்கு ஒன்றை ஒட்டி எறும்புக்குக் கூலியாகக் கொடுத்து விதையைப் பரப்புகின்றன. மேலே இலை மூடியதும் சில இனங்கள் தரையிலிருந்தே மறைந்து, மறு வசந்தம் வரை மண்ணுக்குள் இருக்கின்றன.

அங்கே வெளிச்சமும் தண்ணீரும் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. அதுதான் விஷயம். நம் மலையில் அவை இரண்டும் அப்படிச் சேர்ந்து வருவது அரிது. அடிவாரத்தில் வெளிச்சம் இருக்கும்போது தண்ணீர் இல்லை; உச்சியில் தண்ணீர் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. இந்தச் சரிவில் நீங்கள் பார்க்கும் ஏறக்குறைய ஒவ்வொரு விசித்திரமும் இந்தக் குறையை ஒரு செடி எப்படிச் சமாளித்தது என்பதன் கதை.

கீழிருந்து ஏறுவோம். தோப்பு முடியும் இடத்தில் குடைவேலும் உசிலும் காரையும் சூரையும் நிற்கும் முள்காடு தொடங்குகிறது. இந்தப் புதரில் காட்டெலுமிச்சை என்ற குறுமரம் உண்டு. இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் அடிக்கும். ஊரில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் எலுமிச்சை இந்த மலையில் பிறந்ததில்லை. மரபணு ஆய்வுப்படி அது கடாரநாரத்தை ஒரு பக்கமும் பிலிப்பைன்ஸ் பகுதியின் ஒரு காட்டு நாரத்தை மறுபக்கமுமாகப் பிறந்த கலப்பினம். காட்டெலுமிச்சையும், மேலே கொடியாகப் படரும் மிளகரணையும் எலுமிச்சைக் குடும்பத்தின் உள்ளூர்க் கிளைகள். மண்டிக்கு வராத சொந்தக்காரர்கள்.

முள்காட்டுக்கு மேலே இலையுதிர்க் காடு. வெக்காலி, வேங்கை, மருது, தேக்கு. மாசி, பங்குனியில் இங்கே போனால் பீச் காட்டின் குளிர்கால மொட்டை ஞாபகத்துக்கு வரும். மரங்களில் இலை இல்லை, தரை முழுக்க வெயில். ஆனால் மண்ணைத் தொட்டால் சுடுகிறது. சருகு காலுக்கடியில் நொறுங்குகிறது. ஒரு தீப்பொறி போதும். வெளிச்சம் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தத் தண்ணீர்தான் இல்லை. சிறு செடி எதுவும் தலைகாட்டாது. அந்த வெளிச்சத்தை வேறு விதமாகப் பயன்படுத்துபவை மரங்களே. முள்ளிலவும் புரசும் ஆழத்து வேரையும் தண்டில் சேர்த்த நீரையும் நம்பி, இலையில்லாத கிளைகளில் சிவப்பாகப் பூக்கின்றன. மறைக்க இலை இல்லாததால் மைனாவும் கரிச்சானும் அணிலும் தூரத்திலேயே பார்த்துவிட்டு வருகின்றன.

தரைச்செடிகள் எங்கே போயின? மண்ணுக்குள். இலையுதிர்க் காட்டின் தரை உண்மையில் ஒரு கிழங்குக் கிடங்கு. செங்காந்தள், நிலப்பனை, காட்டு வள்ளிகள், காட்டுக்கருணை எல்லாம் கோடை முழுவதும் கிழங்காகத் தூங்குகின்றன. சித்திரையில் இடியோடு வரும் முதல் கோடைமழைதான் இவற்றுக்குச் சங்கு. அப்போது மரங்கள் முழுசாகத் துளிர்த்திருக்காது. மண்ணிலும் கொஞ்சம் ஈரம் இறங்கியிருக்கும். பீச் காட்டின் வசந்தத்துக்கு நம்மூரில் ஒரு சகோதரன் உண்டென்றால் அது இந்தச் சில வாரங்கள்தான்.

காட்டுக்கருணையை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நெருங்குமுன் மூக்கே சொல்லிவிடும், ஏதோ செத்துக் கிடக்கிறது என்று. இலை ஒன்றும் இல்லாமல், வெறும் தரையைப் பிளந்துகொண்டு கருஞ்சிவப்பாக ஒரு பூங்கொத்து மட்டும் நிற்கும். சுற்றி ஒரு மடல், நடுவில் ஒரு தண்டு. தண்டின் அடியில் பெண்பூக்கள், அதற்கு மேலே ஆண்பூக்கள். பெண்பூக்கள் முதலில் தயாராகின்றன. அந்த நேரத்தில் தண்டு தன் மாவுச்சத்தை எரித்து வெப்பம் உண்டாக்கி அழுகல் நாற்றத்தைக் காற்றில் ஏற்றுகிறது. பிணம் தேடும் வண்டுகளும் ஈக்களும் ஏமாந்து உள்ளே இறங்குகின்றன. வேறொரு பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் பெண்பூவில் ஒட்டுகிறது. பிறகுதான் ஆண்பூக்கள் திறந்து, வெளியேறும் பூச்சியின் முதுகில் புதிய மகரந்தத்தைத் தூவி அனுப்புகின்றன. தன் மகரந்தம் தன்மேல் விழாமலிருக்க இந்த முன்பின் ஏற்பாடு. இத்தனையும் முடிந்த பிறகே இலை வருகிறது. அதுவும் ஒரே இலை, குடை மாதிரி விரிந்து. மழைக்காலம் முழுவதும் அந்த ஒற்றை இலை சம்பாதித்ததுதான் அடுத்த கோடைக்கான கிழங்கு. பூக்கிற நேரத்தில் செலவு, இலை நிற்கிற நேரத்தில் வரவு. இரண்டையும் தனித்தனிப் பருவத்தில் வைத்திருக்கிறது.

வள்ளிக்கிழங்குகள் மலைக்குடிகளின் பஞ்சகால உணவு. சிவகிரி, வாசுதேவநல்லூர் மலையடிவாரங்களில் வாழும் பளியர்களுக்கு எந்தக் கொடியின் கீழ் எவ்வளவு ஆழத்தில் கிழங்கு இருக்கும் என்பது கொடியின் தடிமனைப் பார்த்தே தெரியும். தோண்டிய பிறகு கிழங்கின் தலைப்பகுதியைத் திரும்பப் புதைத்துவிட்டுப் போகும் வழக்கம் பல மலைக்குடிகளிடம் உண்டு.

இன்னும் ஏறினால், ஏறத்தாழ 700, 800 மீட்டருக்கு மேல், காட்டின் குணம் மாறுகிறது. வெயில் தணிந்து, காற்றில் ஈரம் கனத்து, மரங்கள் எப்போதும் பச்சையாக நிற்கும் சோலை. ஆடியில் தென்மேற்கும் ஐப்பசியில் வடகிழக்கும் இதன்மேல் பெய்கின்றன, நடுவில் மூடுபனி. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தபடி மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க ஆராய்ந்த பாஸ்கல் என்ற தாவரவியலாளர் 1988-இல் ஒரு முக்கியமான விஷயத்தைத் துல்லியமாக எடுத்துக்காட்டினார். மலையின் வடகோடியில் வறண்ட காலம் ஏழெட்டு மாதம். தெற்கே வர வர அது சுருங்கி இரண்டு மூன்று மாதமாகிறது. மகாராஷ்டிரத்தில் ஆடி மாதத்தில் இங்கே பெய்வதைவிட அதிக மழை பெய்யும் இடங்கள் உண்டு. ஆனால் பசுமைமாறாக் காட்டுக்கு ஆண்டில் எவ்வளவு பெய்தது என்பதைவிட எத்தனை மாதம் பெய்யாமல் இருந்தது என்பதே கணக்கு. அதனால்தான் உலகில் வேறெங்கும் இல்லாத மரங்கள் தெற்கு முனையில் குவிந்திருக்கின்றன.

பாஸ்கல் இந்தக் காட்டுக்கு மூன்று மரங்களின் பெயரைச் சேர்த்து ஒரு பெயர் கொடுத்தார். நம் ஊர்ப் பெயரில் சொன்னால் வெடிப்பலா, நாங்கு, பாலி. நாங்கு கோடரியை மழுக்கும் இரும்பு மரம். பாலி, இலுப்பைக்கும் சப்போட்டாவுக்கும் உறவு. வெட்டினால் பால் வடியும். வெடிப்பலாவுக்குப் பலாவோடு உறவில்லை. முள்முள்ளான காயைப் பார்த்து வைத்த பெயர். அதன் உண்மையான சொந்தம் மலேசியாவின் துரியன். கொஞ்சம் தள்ளிய சொந்தம், கீழே மொட்டைக் கிளையில் பூக்கும் முள்ளிலவு.

இந்த மூன்றும் முப்பது மீட்டர் உயரத்தில் கிளைகோத்து நிற்க, தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் உச்சியில் விழுவதில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். பீச் காட்டில் இருட்டு ஐந்து மாதம். இங்கே பன்னிரண்டு மாதமும். வசந்தச் சன்னல் என்று ஒன்று திறப்பதே இல்லை. அதனால் இந்தத் தரையில் டிரில்லியம் மாதிரியான அவசரப் பூக்கள் கிடையாது. இங்கே வாழ்பவை சிக்கனக்காரர்கள். இலைக் கூட்டத்தின் ஓட்டைகள் வழியே விழும் வெயில் பொட்டு ஓர் இலையில் சில நொடியோ சில நிமிடமோ நிற்கும். அதற்குள் அதைப் பயன்படுத்தும்படி இலைகள் தயாராக இருக்கின்றன. நிழல்செடி ஒரு நாளில் தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி இந்தப் பொட்டுகளிலிருந்துதான் வருகிறது.

இந்தச் சிக்கனக்காரர்கள் யாரென்று தெரிய அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் போதும். ஏலம் இந்த மலைகளின் நிழலில் பிறந்த செடி. அதன் பூவைப் பார்க்க அண்ணாந்து பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஆளுயரத்துக்கு மேல் இலைத்தண்டுகள் நிற்க, பூந்தண்டு மட்டும் செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாக, சருகுக்கு மேல் படுத்துக் கிடக்கும். வெள்ளைப் பூ, அதன் உதட்டில் ஊதாக் கோடுகள், தேனீக்கு வழிகாட்ட. நேர்வெயில் பட்டால் ஏல இலை கருகிவிடும். மிளகும் இந்தக் காட்டுக் கொடிதான். தோட்டத்து மிளகில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்கும். காட்டு மிளகில் பெரும்பாலும் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. நிறையக் காய்க்கும் இருபால் கொடியைத் தேடித் தேடி நட்டது மனிதக் கை. காட்டுக் கருவாப்பட்டையும் காட்டுச் சாதிக்காயும் இங்கேயே மரங்களாக நிற்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதிக்காயையும் கிராம்பையும் கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டு வாசனைத் தோட்டம் போட்டது, இந்த ஈரத்தை நம்பித்தான்.

அதே குற்றாலத்தில்தான் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் 1830-களில் செடி சேகரித்தார். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட படத்தொகுதிகளைப் பலர் அறிவார்கள். படங்களை வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் என்பதை அறிந்தவர்கள் குறைவு. பூவை வெட்டித் திறந்து சூல்பை, மகரந்தப்பை என்று தனித்தனியாக அவர்கள் வரைந்த விவரங்களை வைத்துத்தான் ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்த மலையின் இனங்களைப் பிரித்தறிந்தார்கள். குற்றாலத்தின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு நாவல் இனம்கூட உண்டு. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் மரங்களில் ஒன்று.

புளியங்குடிக்குத் தெற்கே, செங்கோட்டைக்கு மேற்கில், ஆரியங்காவுக் கணவாயில் மலைத்தொடர் சட்டென்று தாழ்கிறது. ரயிலும் சாலையும் கொல்லத்துக்குப் போகும் வழி அது. மனிதருக்கு வழி, மலைமரத்துக்கு வேலி. கணவாய்க்குத் தெற்கிலுள்ள அகத்தியமலைக் காடுகளையே பெரிதும் நம்பி வாழும் செங்குறிஞ்சி என்ற மரம் மாவின் குடும்பம். கேரள எல்லைக்குள் இருக்கும் செந்துருணி சரணாலயத்துக்கு 1984-இல் அந்த மரத்தின் பெயரையே வைத்தார்கள். சேரான்கொட்டை மாதிரி இதன் பாலும் தோலைப் புண்ணாக்கும். கணவாயின் இரு பக்கமும் ஏறி இறங்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரே மாதிரிச் சோலையாகத் தெரிவது, மரம் மரமாகப் பார்த்தால் இரண்டு வேறு பட்டியல்.

மேலே சிக்கனம் என்றேன். மரக்கன்றுகளிடம் அது பொறுமையாக வெளிப்படுகிறது. வெடிப்பலா, நாங்கு, பாலி மூன்றுக்கும் விதை பெரிது. இருட்டில் முளைக்கிற குழந்தைக்கு முதல் சில இலைகள் விடும்வரை தாய் கட்டிக்கொடுத்த சாப்பாடு அது. பிறகு கன்று முழங்கால் உயரத்தில் நின்றுவிடும். ஆண்டுக்கு ஓரிரண்டு இலை விட்டால் பெரிய விஷயம். என்றைக்காவது ஒரு கிழட்டு மரம் காற்றில் சாய்ந்து கூரையில் ஓட்டை விழும். அன்றுதான் அதற்கு விடிவு.

விடும் அந்த ஓரிரண்டு இலையையும் பூச்சி தின்றுவிட்டால் நஷ்டம் தாங்காது. நாங்கு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மாசிவாக்கில் அது துளிர்க்கும்போது மரமே தீப்பிடித்த சிவப்பு. இளந்துளிர்கள் வலுவில்லாமல் தொங்கும், பச்சையம் ஏறக்குறைய இருக்காது. இலை முழு அளவுக்கு வளர்ந்து தோல் தடித்த பிறகே மரம் அதில் பச்சையத்தையும் புரதத்தையும் நிரப்புகிறது. மெல்லிய பருவத்தில் பூச்சி கடித்தாலும் விலைமதிப்பான சரக்கு போகாது. அந்தச் சிவப்பு நிறமிக்கு வேறு வேலைகளும் இருக்கலாம். பூஞ்சைக் காப்பு என்கிறார் ஒருவர், வெயில் காப்பு என்கிறார் இன்னொருவர். ஆய்வாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

பூப்பதையே பல ஆண்டு தள்ளிப்போடும் சிக்கனமும் உண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை, 2006-இலும் 2018-இலும் பூத்தது, அடுத்து 2030 என்பது எல்லோருக்கும் தெரியும். அது புல்வெளிக்காரி. சோலை நிழலில் அவளுக்கு நிறைய உறவினர்கள். வெவ்வேறு ஆண்டுக் கணக்குகளில் கூட்டமாகப் பூத்து, விதைத்து, கூட்டமாகச் சாகின்றன. எல்லாம் ஒரே ஆண்டில் விதைத்தால் தின்பவை தின்று தீராமல் மிச்சம் முளைக்கும் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதே வேண்டாம் என்று முடிவெடுத்த செடியும் இருக்கிறது. மழைக்காலத்தில் குறிஞ்சிப் புதரின் அடியில் சருகை விலக்கினால், இலையும் பச்சையும் இல்லாமல் மண்ணிலிருந்து குழல் குழலாகப் பூக்கள் மட்டும் நிற்பதைக் காணலாம். கிறிஸ்டிசோனியா என்று பெயர். குறிஞ்சியின் வேரில் தன் வேரைச் செருகி அது சமைத்ததை உறிஞ்சி வாழ்கிறது. வெளிச்சம் அதற்குத் தேவையே இல்லை. பூச்சி வர வேண்டுமே என்று பூவை மட்டும் வெளியே நீட்டுகிறது. அமெரிக்க பீச் மரத்தின் வேரிலும் இதே பிழைப்பு நடத்தும் ஒரு பழுப்புச் செடி உண்டு, பீச்சை விட்டால் அதற்கு வேறு கதியில்லை. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பீச் மரம் எட்டிப் பார்க்காத நம் மலையில், பீச்சின் ஒட்டுண்ணிக்குச் சொந்தக்காரன் இருக்கிறான்.

எதிர்த்திசையில் போனவை ஆர்க்கிட்டுகள். இருட்டு பிடிக்கவில்லை என்று மரத்தின் மேல்கிளைக்கே குடியேறிவிட்டன. வெளிச்சம் கிடைத்தது, மண் போயிற்று. மண்ணோடு தண்ணீரும் போயிற்று. மழைக்காட்டின் உச்சிக்கிளை, மழை நின்ற இரண்டு மணி நேரத்தில் பாலைவனம். ஆர்க்கிட்டின் தொங்கும் வேரைச் சுற்றி வெள்ளையாக, செத்த செல்களால் ஆன ஓர் உறை இருக்கிறது. மழைத்துளி பட்டதும் உறிஞ்சி, ஈரம் உள்ளே போகும்வரை பிடித்து வைப்பது அதன் வேலை. இவற்றில் பல, கள்ளியைப் போலவே பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெயிலில் அதைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. வெளிச்சம் வரும் நேரமும் தண்ணீரை இழக்காமல் மூச்சுவிடும் நேரமும் வேறுவேறு என்பதால் வந்த வேலை இது. அடிவாரத்துக் காட்டுக்கருணை பருவங்களைப் பிரித்தது. உச்சிக்கிளை ஆர்க்கிட் பகலையும் இரவையும் பிரித்திருக்கிறது.

வெளிச்சமும் தண்ணீரும் ஒன்றாகச் சேரும் இடங்கள் இந்த மலையில் அறவே இல்லாமல் போகவில்லை. அருவிச் சாரல் தெறிக்கும் பாறை அப்படி ஓர் இடம். அங்கே மரம் நிற்க மண் இல்லை, ஆகவே நிழலும் இல்லை. மழை தொடங்கியதும் அந்தப் பாறை முழுக்கக் காசித்தும்பைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்தப் பேரினம் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களாகப் பிரிந்திருக்கிறது, பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஒரு அருவிக்கும் அடுத்த அருவிக்கும் இடையில் இருக்கும் இருட்டுக்காடு அவற்றுக்குக் கடல் மாதிரி. ஒவ்வொரு பாறையும் தனித்தீவாக நின்று தனக்கென்று ஓர் இனத்தை வளர்த்துக்கொள்ள வாய்ப்பு. பக்கத்திலேயே நீர் கசியும் கரையில் கருத்த கம்பி போன்ற காம்போடு அடியாண்டம் என்ற பெரணி தொங்கும். அதன் நெருங்கிய உறவு ஒன்று பீச், மேப்பிள் காடுகளின் வளமான மண்ணுக்கு அடையாளமாக அமெரிக்கத் தாவரவியலாளர்கள் தேடும் செடி.

வளமான மண் என்று வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிர்நாட்டுக் காட்டில் சருகு மெதுவாக மக்கி, மண்ணிலேயே கருப்பாக, ஆழமாகச் சேர்கிறது. நம் சோலையின் செல்வம் மண்ணில் இல்லை. கரையானும் பூஞ்சையும் சருகைச் சீக்கிரமே பிரித்துவிட, அதில் வந்த சத்தை மண்ணுக்கு மேலாகப் பாய் விரித்த வேர்கள் பூஞ்சைகளின் உதவியோடு உடனே திரும்ப இழுத்துக்கொள்கின்றன. விட்டால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். சத்து எல்லாம் நிற்கும் மரத்திலும் விழுந்த சருகிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மரத்தை வெட்டி அகற்றியவர் மண்ணின் வளத்தையும் லாரியில் ஏற்றியவர் ஆகிறார்.

வெடிப்பலாவுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் காட்டின் சமையல்கட்டு அது. மணிமுத்தாறு அணைக்கு மேலே, மாஞ்சோலையையும் தாண்டி இருக்கும் காக்காச்சிக் காட்டில் கணேஷ், சௌபத்ரா தேவி, பிரியா தவிதார் ஆகியோர் 1990-களில் மரமேறி ஆய்வு செய்தார்கள். காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று மழைச் செய்தியில் காதில் விழும் அதே காக்காச்சி. வெடிப்பலா தை முதல் பங்குனி வரை, மற்ற பழங்கள் அருகும் நேரத்தில், கிளைகளின் மேலேயே கொத்துக்கொத்தாகப் பூக்கிறது. இதழே இல்லை. பழுப்பு மஞ்சளில் சதைப்பற்றான ஒரு குழல், அவ்வளவுதான். அந்தச் சதைக்காக மலையணில், கருமந்தி, சோலைமந்தி, வௌவால் எல்லாம் வருகின்றன. தின்கிற கூட்டம் பெரிது, பூவும் ஏராளம். தின்னும்போது முகத்தில் அப்பும் மகரந்தம் அடுத்த மரத்துக்குப் போகிறது. மகரந்தச் சேர்க்கையில் வௌவால்களுக்குப் பெரிய பங்கு. பூ முடிந்து காய் பிடித்ததும் முள்ளை லட்சியம் செய்யாமல் கடித்துத் திறந்து விதையைத் தின்பது சோலைமந்தி. இந்த மரம் இல்லாத சோலையில் அந்தக் குரங்கு காலம் தள்ளுவது கஷ்டம்.

மாஞ்சோலையின் தேயிலை, காப்பித் தோட்டங்கள் இப்படிப்பட்ட காட்டைத் திருத்தி எழுந்தவைதான். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக்குக் குத்தகைக்கு விட்ட நிலம், காலக்கெடு 2028. தேயிலை போனால் காடு தானே வந்துவிடும் என்று பலர் பேசக் கேட்கிறோம். அவ்வளவு எளிதாக வராது. தேயிலையை எடுத்த நிலத்தில் வெளிச்சமும் தண்ணீரும் ஒரே நேரத்தில், அளவில்லாமல் கிடைக்கும். அந்த விருந்துக்கு முதலில் வருவது உண்ணிச்செடி. காட்டுக்குள் மரம் சாய்ந்த ஓட்டையில் முளைக்கும் வட்டக்கண்ணியும் வரும். அதன் சின்ன விதைகள் மண்ணில் வெயிலுக்காகக் காத்துக் கிடப்பவை. வெடிப்பலா விதை அப்படிக் காத்திருக்காது. ஈரம் உலர்ந்தால் செத்துவிடும்; மூட்டை கட்டிக் கிடங்கில் வைக்க முடியாது. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே சிதறிக் கிடக்கும் காட்டுத் துண்டுகளை இருபது ஆண்டுக்கு மேலாக மீட்டுவரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். விழுந்த விதையை ஈரம் உலருமுன் பொறுக்க வேண்டும், நாற்றங்கால் பையில் ஊன்றி நிழலில் வளர்க்க வேண்டும், கன்றை மழை தொடங்கும்போது நட வேண்டும், பிறகு சில ஆண்டுகள் அதைச் சுற்றி எழும் உண்ணிச்செடியைத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தலைக்கு மேல் நிழல் கூடும்வரை அந்த அரிவாளுக்கு ஓய்வு கிடையாது.